அறிவுரை மட்டும் ஊரை நடக்க வைக்குமா?

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

கேள்வி: எனக்கு வயது அறுபத்தெட்டு. தினமும் பத்தாயிரம் அடி நடந்தால்தான் பயன் என்று பேரன் கைப்பேசியைக் காட்டுகிறான். மூட்டு வலியோடு ஐயாயிரத்தை எட்டுவதே எனக்குப் பெரும்பாடு. இவ்வளவு குறைவாக நடப்பது வீண்தானா?
– ஓய்வுபெற்ற வாசகர், பெரம்பூர்

பதில்: வீண் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள், ஐயா. பத்தாயிரம் என்ற எண் எந்த மருத்துவ ஆய்விலிருந்தும் கிடைத்ததன்று. 1964இல் டோக்கியோ ஒலிம்பிக் போட்டிகள் நடந்த பிறகு, நடைப்பயிற்சியில் மக்களுக்கு ஏற்பட்டிருந்த ஆர்வத்தைக் கண்ட ஜப்பானிய நிறுவனம் ஒன்று, அடிகளை எண்ணும் சிறு கருவியை 1965இல் விற்பனைக்குக் கொண்டுவந்து, அதன் பெயரிலேயே பத்தாயிரத்தைச் சேர்த்திருந்தது. விளம்பரத்துக்காக வந்த அந்த எண், நாளடைவில் மருத்துவ இலக்குபோல உலகெங்கும் பரவிவிட்டது.

உங்கள் வயதினருக்குப் பொருந்தும் ஆய்வு ஒன்று அமெரிக்காவிலிருந்து 2019இல் வெளிவந்தது. சராசரி வயது 72 உள்ள, ஏறத்தாழ 17,000 பெண்களின் அடிகளைக் கருவி கொண்டு அளந்து, பின்னர் சில ஆண்டுகள் அவர்களின் நலனைக் கண்காணித்தார்கள். நாளொன்றுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களோடு ஒப்பிடும்போது, 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500 அடி வரை பயன் கூடிக்கொண்டே சென்று, அதற்குமேல் பெரிய மாற்றமின்றி நின்றது. உடல்நலம் குன்றியவர்கள் இயல்பாகவே குறைவாக நடப்பார்கள் என்பதால், இந்த வேறுபாடு முழுவதையும் நடையின் பலன் என்று சொல்லிவிட முடியாது. எனினும் குறைவாக நடப்பவர் சற்றே கூட்டினாலும் நன்மை உண்டு என்பதை வேறு பல ஆய்வுகளும் காட்டியுள்ளன.

ஒரே நடையாக நடக்க முடியாவிட்டால் காலையும் மாலையும் பிரித்து நடக்கலாம். தொடைத் தசைகள் வலுப்பெற்றால் மூட்டு வலி தணியும் என்பதால், இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் அதற்கான பயிற்சியைக் கற்றுக்கொள்ளுங்கள். வெளியே செல்ல முடியாதவர்களுக்கு, தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது உடல் சமநிலைக்கான பயிற்சிகளையும் செய்ய வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தவறி விழாமல் காப்பது இந்தப் பயிற்சிகள்தான்.

கேள்வி: விடியற்காலை ஐந்து மணியிலிருந்து இரவு வரை வீட்டில் நின்றுகொண்டேதான் இருக்கிறேன். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, நடக்க வேண்டும் என்கிறார் டாக்டர். வீட்டு வேலை உடற்பயிற்சி ஆகாதா?
– இல்லத்தரசி, அம்பத்தூர்

பதில்: அம்மா, உங்கள் உழைப்பை ஆய்வுலகம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. இந்தத் துறையின் தொடக்கமே அன்றாட வேலையைப் பற்றிய ஆய்வுதான். லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர், மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு 1953இல் வெளியிட்ட ஆய்வில், நாளெல்லாம் படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு, உட்கார்ந்தே ஓட்டியவர்களைவிட மாரடைப்பு குறைவாக வந்ததைக் கண்டார். அதோடு அவர் நின்றுவிடவில்லை. ஓட்டுநர்களின் சீருடை அளவுகளைப் பார்த்தபோது, அவர்கள் பணியில் சேரும்போதே இடுப்புப் பருத்தவர்களாக இருந்தது தெரிந்தது. அதையும் மறைக்காமல் எழுதினார். தம் முடிவையே ஐயுற்றுச் சோதிக்கும் அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

உங்கள் வேலைக்கு வருவோம். உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம் வேண்டும் என்கிறது. வீட்டு வேலையும் அதில் அடங்கும். ஒரே தொடர்ச்சியாகப் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையும் நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் மிதமான இயக்கம் என்றால் மூச்சு சற்று வேகமாக வர வேண்டும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. குடம் தண்ணீரை மாடிக்குத் தூக்குவதும், தரையை அழுத்தித் தேய்ப்பதும் அந்த அளவை எட்டும். அடுப்பின் முன் நிற்பதும், காய் நறுக்குவதும், துணி மடிப்பதும் எட்டுவதில்லை. அவற்றால் கால் வலிக்கிறது, உடல் களைக்கிறது, ஆனால் இதயத்துக்கும் தசைகளுக்கும் தேவையான வேலை கிடைப்பதில்லை. உங்கள் டாக்டர் சொன்னதன் காரணம் இதுவே.

வீட்டாரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். 2022ஆம் ஆண்டு நிலவரப்படி, இந்தியாவில் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள் ஆண்களில் சுமார் 42 சதவீதம், பெண்களில் சுமார் 57 சதவீதம் என்று 2024இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இந்த இடைவெளிக்குப் பெண்களின் சோம்பல் காரணமென்று எவரேனும் சொன்னால் நான் ஒப்பமாட்டேன். மாலையில் அரை மணி நேரம் சமையலறைப் பொறுப்பை மற்றொருவர் ஏற்றால்தான் உங்களுக்கு நடை சாத்தியம். மருத்துவச் சீட்டில் அதையும் எழுதித் தர முடிந்தால் நன்றாயிருக்கும்.

கேள்வி: எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தில் உடற்பயிற்சி விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தினோம், துண்டறிக்கை கொடுத்தோம். ஒரு வாரம் கூட்டமாக நடந்தார்கள், பிறகு ஆளில்லை. மக்களைத் தொடர்ந்து நடக்க வைக்க ஆய்வுகள் என்ன வழி சொல்கின்றன?
– சங்கச் செயலாளர், வேளச்சேரி

பதில்: இதே கேள்வியைத்தான் பொதுச் சுகாதார ஆய்வாளர்களும் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். நடப்பது நல்லது என்பதை அறியாதவர் சென்னையில் மிகச் சிலரே. ஆயினும் தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பகுதிகளில் நடத்தப்பட்டு 2014இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, பாதிக்கு மேற்பட்டோர், அதாவது 54.4 சதவீதத்தினர், போதிய உடலியக்கம் இல்லாதவர்கள் என்று கண்டது. ஓய்வு நேரத்தில் விருப்பத்தோடு உடற்பயிற்சி செய்தவர்கள் பத்து சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே அறிவுரையைக் கூட்டுவதால் மட்டும் நடப்பவர் எண்ணிக்கை கூடிவிடாது.

உங்களுக்குப் பயன்படும் சான்று நம் நகரிலேயே இருக்கிறது. சென்னையின் நடுத்தர வருவாய்க் குடியிருப்பு ஒன்றில் நீரிழிவு ஆய்வாளர்கள் கணக்கெடுப்பு நடத்தி, முடிவுகளை அங்குள்ளவர்களிடமே விளக்கிக் கூறினார்கள். அதைக் கேட்ட குடியிருப்பு மக்கள் தாங்களே பணம் திரட்டி ஒரு பூங்காவை அமைத்துக்கொண்டார்கள். ஏழு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, வாரத்தில் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்பவர்கள் 14.2 சதவீதத்திலிருந்து 58.7 சதவீதமாக உயர்ந்திருந்தார்கள். ஒரே குடியிருப்பில் கண்டது ஊர் முழுவதற்கும் பொருந்திவிடும் என்று நான் சொல்லவில்லை. இடமும் பணமும் இல்லாத பகுதிகளில் மாநகராட்சியே முன்வர வேண்டும். ஆனாலும், இறங்கி நடக்க இடமும், அது தங்களுடையது என்ற உரிமையுணர்வும் சேர்ந்தபோது பழக்கம் ஆண்டுக்கணக்கில் நிலைத்தது என்பது உங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய பாடம்.

இரண்டாவது, தொடர்பு அறுபடக் கூடாது. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நீரிழிவு வரும் நிலையிலிருந்த 531 பேர் பங்கேற்றனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதத்தினருக்கு மூன்று ஆண்டுகளில் நீரிழிவு வந்தது. உணவிலும் உடலியக்கத்திலும் மாற்றம் செய்துகொண்டவர்களில் அது 39.3 சதவீதமாகக் குறைந்தது. அந்த மாற்றத்துக்குப் பின்னால், ஒவ்வொருவரிடமும் திரும்பத் திரும்பப் பேசி ஊக்கப்படுத்தியவர்கள் இருந்தார்கள். ஒரு நாள் கூட்டத்தால் அதைச் செய்ய முடியாது.

ஆகவே அடுத்த கூட்டத்துக்குச் செலவிடும் தொகையை வேறு வகையில் செலவிடுங்கள். ஆறேழு பேர் கொண்ட நடைக்குழுக்களை, நேரத்தையும் கூடும் இடத்தையும் முடிவுசெய்து, தெருவுக்கு ஒன்றாக அமையுங்கள். காத்திருக்க ஆளிருந்தால் கால் தானாகப் புறப்படும். முதியவர்கள் இளைப்பாற இருக்கைகள், பெண்கள் மாலையில் அச்சமின்றி நடக்க விளக்குகள், திறந்திருக்கும் கழிப்பறை ஆகியவற்றை உங்கள் பகுதி சபைக் கூட்டத்தில் கேட்டுப் பெறுங்கள். நடைபாதை உடைந்திருந்தாலும் விளக்கு எரியாவிட்டாலும் மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் செய்யுங்கள். நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் முன்னுரிமை தரும் கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014இலேயே ஏற்றுக்கொண்டது. பாண்டி பஜாரின் அகன்ற நடைபாதை வளாகம் 2019இல் திறக்கப்பட்டது. 2023 நவம்பரில் 38 மாவட்டங்களிலும் தொடங்கப்பட்ட ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தின் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதைகளும் வரவேற்கத்தக்கவை. ஆனால் வாகனம் ஏறிப் போய் நடக்க வேண்டிய பாதையைவிட, வீட்டு வாசலிலிருந்து பால் கடை வரை தடுக்கி விழாமல் நடக்க முடிவதே அன்றாட வாழ்வில் அதிகம் உதவும் என்பது என் உறுதியான கருத்து.

தொடங்கும் முன்பே, ஒரு வார நாளிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையிலும், பூங்காவில் ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று, ஆண், பெண், முதியவர் எனப் பிரித்து எண்ணிக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து அதே கிழமைகளில், அதே நேரத்தில் மீண்டும் எண்ணுங்கள். வார்டு உறுப்பினரிடம் பேசும்போது அந்தக் குறிப்பேடு கையில் இருக்கட்டும்.

கேள்வி: வாரம் முழுவதும் கணினி முன்னால்தான் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் பாட்மின்டன் ஆடுகிறேன். போதுமா?
– மென்பொருள் பணியாளர், சோழிங்கநல்லூர்

பதில்: வாரத்தில் ஓரிரு நாள் மட்டும் ஆடுபவர்களுக்கும், எதுவும் செய்யாதவர்களைவிட இறப்பு அபாயம் குறைவு என்று பிரிட்டனில் திரட்டப்பட்ட தரவுகளைக் கொண்ட 2017ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. ஆகவே விளையாட்டை விடாதீர்கள். நாளுக்கு எட்டு மணி நேரம் உட்காருவதன் கேட்டைப் போக்கத் தினமும் 60 முதல் 75 நிமிட மிதமான இயக்கம் தேவைப்படுகிறது என்று பத்து லட்சம் பேருக்கு மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்த 2016ஆம் ஆண்டு ஆய்வு கூறுவதால், வார நாள்களிலும் எழுந்து நடக்கும் வாய்ப்பைத் தேடிக்கொள்ளுங்கள். ஆறு நாள் அசையாதிருந்த உடலை ஏழாம் நாள் திடீரென்று முழு வேகத்தில் ஆடவிடாமல், முதல் பதினைந்து நிமிடம் மெதுவாகத் தொடங்குங்கள். ஆடும்போது நெஞ்சில் அழுத்தமோ, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலியோ, காரணமில்லாத தலைச்சுற்றலோ வந்தால், ஆட்டத்தை அந்தக் கணமே நிறுத்திவிட்டு 108க்கு அழையுங்கள்.