ஆலை வெளியே போனால் வரி குறையுமா?

அன்புள்ள ஐயா,

2012 அமெரிக்க அதிபர் தேர்தல் விவாதத்தில், ஆலையை வெளிநாட்டுக்கு மாற்றும் நிறுவனங்களுக்கு வரிச்சலுகை கிடைக்கிறது என்றார் ஒபாமா. 25 ஆண்டுகளாகத் தொழிலில் இருக்கிறேன், நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்றே புரியவில்லை என்றார் எதிர்த்துப் போட்டியிட்ட ராம்னி. யார் சொன்னது சரி? அந்தச் சலுகை இன்னும் இருக்கிறதா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

இருவர் பேச்சிலும் பாதி உண்மை. வேலையை வெளியே அனுப்பினால் சலுகை என்று அமெரிக்க வரிச்சட்டத்தில் தனிப்பிரிவு கிடையாது. தொழிலுக்கான வழக்கமான செலவை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்கிறது 162ஆம் பிரிவு. இயந்திரங்களைக் கழற்றி அனுப்பும் கூலி போன்றவை அதில் வந்துவிடும். டெட்ராய்ட்டிலிருந்து டெக்சாஸுக்குப் போனாலும் இதே கழிவுதான். அது இன்றும் இருக்கிறது. வெளியே போகிறவர்களுக்கு அதை நிறுத்தி, திரும்பி வருகிறவர்களுக்குச் செலவில் 20 சதவீதம் தள்ளுபடி தரும் மசோதா 2012 ஜூலையில் செனட்டுக்கு வந்தது. 60 வாக்கு தேவை, 56தான் கிடைத்தது. 2014இலும் தோற்றது.

நிறைவேறியிருந்தாலும் பெரிதாக எதையும் தடுத்திருக்காது. உள்ளூர் ஆலையை மூடிவிட்டு, வெளிநாட்டில் ஏற்கெனவே இருக்கும் ஆலையில் இன்னொரு ஷிப்ட் ஓட்டினால் இடமாற்றச் செலவு என்று எதைக் காட்டுவது? அதோடு, அது ஒருமுறை வரும் செலவு. லாபத்தின் மீதான வரி ஆண்டுதோறும் வருவது. உண்மையான சலுகை அங்கேதான் இருக்கிறது.

2017 வரை உள்நாட்டு விகிதம் 35 சதவீதம். வெளிநாட்டுத் துணை நிறுவனம் தொழிலில் ஈட்டிய லாபத்துக்கு, அது ஈவுத்தொகையாகத் தாய் நிறுவனத்துக்கு வரும்வரை பொதுவாக அமெரிக்க வரி இல்லை. 2004 சட்டம், அப்படி வெளியே கிடந்த பணத்தை ஒருமுறை 5.25 சதவீத வரியோடு கொண்டுவர அனுமதித்தது. காத்திருந்தால் இன்னொரு தள்ளுபடி வரும் என்ற பாடத்தைத்தான் அது கற்றுக்கொடுத்தது.

2017 சட்டம் உள்நாட்டு விகிதத்தை 21 ஆக்கியது. வெளிநாட்டு லாபத்துக்கு ‘கில்டி’ என்ற 10.5 சதவீத வரி. அதிலும், அங்குள்ள கட்டடம், இயந்திரங்களின் மதிப்பில் 10 சதவீத அளவு லாபத்துக்கு விலக்கு. வரியே இல்லாத ஒரு நாட்டில் 10 கோடி டாலர் ஆலை, ஆண்டு லாபம் 2 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 கோடிக்கு விலக்கு, மீதிக்கு 10.5 லட்சம் வரி. அதே லாபம் உள்நாட்டில் என்றால் 42 லட்சம். வெளியே ஆலை பெரிதாகப் பெரிதாக விலக்கும் வளர்ந்தது. இதைவிடப் பிழையான ஒரு விதியை எழுதுவது கடினம்.

2025 ஜூலையில் வந்த சட்டம் இந்த விலக்கை 2026 முதல் நீக்கி, விகிதத்தை 12.6 ஆக்கியது. மேலே சொன்ன கணக்கு 25.2 லட்சமாகிறது. நல்ல திருத்தம், ஆனால் 21க்கு இன்னும் தூரம் இருக்கிறது. நியாயமாக எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும்: உள்நாட்டில் நிறுவும் புதிய இயந்திரத்தின் முழு விலையையும் முதல் ஆண்டிலேயே கழிக்கலாம், வெளியே நிறுவினால் பல ஆண்டுகளாகப் பிரித்துத்தான் தேய்மானம். ஆகவே கனரக ஆலைகளைவிட, காப்புரிமையை நம்பி லாபம் பார்க்கும் மருந்து, மென்பொருள் நிறுவனங்களுக்கே இந்த விகித இடைவெளி அதிகப் பயன் தருகிறது.

இன்னும் அடைபடாத ஓட்டை, எல்லா நாட்டு லாபத்தையும் ஒரே கணக்கில் கலப்பது. ஜெர்மனியில் 30 சதவீதம் அளவுக்குக் கட்டிய வரி, வரியில்லாத தீவில் காட்டிய லாபத்தின் பாக்கியை அடைத்துவிடும். நாடுவாரியாகக் கணக்கிட வேண்டும் என்ற விதி 2021 நவம்பரில் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றிய மசோதாவில் இருந்தது. செனட்டில் அது நின்றுபோனது. 2025 சட்டமும் அதைச் சேர்க்கவில்லை.