60 மில்லியன் பவுண்டுக்குப் பின்கள வீரர்: கட்டுமா?

வெள்ளவத்தைச் சகோதரம், உங்கட உதைபந்தாட்டக் கழகம் 60 மில்லியனுக்குப் பின்கள வீரரை வாங்கினால், அவ்வளவும் இந்த வருடக் கணக்கிலேயே கழியும் என்று எழுதியிருக்கிறீங்கள். அப்படியில்லை. வாங்கின விலையை ஒப்பந்த வருடங்களால் பிரிக்க வேணும். 5 வருடமென்றால் வருடத்துக்கு 12 மில்லியன். 7 வருட ஒப்பந்தம் போட்டாலும் இப்ப 5 வருடத்துக்கு மேல் பிரிக்க ஏலாது. கிழமைக்கு 1,50,000 பவுண்டு சம்பளமென்றால் வருடம் 7.8 மில்லியன். ஆக, முகவர் கட்டணத்தை விட்டால் வருடச் செலவு 19.8 மில்லியன்.

ஆட்களை விற்று ஈடுகட்டுவதில்தான் கன பேர் பிழை விடுகினம். 40 மில்லியனுக்கு 5 வருட ஒப்பந்தத்தில் வாங்கின ஆளை 3 வருடம் முடிய 20க்கு விற்றால், 24 கழிந்து கணக்குப் புத்தகத்தில் மிச்சம் 16 கிடக்கும். இலாபம் வெறும் 4. கழகத்தின் சொந்த அகடமியில் (இளையோர் பயிற்சிக்கூடத்தில்) வளர்ந்த பெடியனை அதே 20க்கு விற்றால் முழுதும் இலாபம். அதுக்காக அவையளைத் தள்ளிவிடுவது எனக்குத் துளியும் பிடிக்காத வேலை.

ஐரோப்பியக் கிண்ணங்களில் ஆடும் கழகமென்றால் இன்னொரு கயிறும் இருக்கு: சம்பளம், வாங்கின விலையின் வருடப் பங்கு, முகவர் கட்டணம் சேர்ந்து வருமானத்தில் 70%ஐத் தாண்டக் கூடாது. வருமானத்தோட வீரர் விற்பனை இலாபமும் சேரும்.

லிவர்பூல் 2018 ஜனவரியில் பின்கள வீரர் வான் டைக்கை 75 மில்லியனுக்கு எடுத்தது. அதே மாதம் தன்ர நடுக்கள வீரர் கூட்டின்யோவை பார்சலோனாவுக்கு விற்றது. உங்கட கழகத்தில் அப்படி விற்க ஆர் இருக்கினம் என்று முதலில் பாருங்கோ.