எகிப்திய மறுமை: தராசு, அம்மித், வாசல் காவலர்கள் – கேள்வி பதில்

கே: இதயம் இறகைவிட இலேசாக இருந்தால்தான் இறந்தவர் தப்பிப்பாராமே?

ப: இல்லை. மறுமைத் தீர்ப்பில் இறந்தவரின் இதயத்தை இறகோடு நிறுக்கும் ஓவியங்களில் இரு தட்டுகளும் சமமாகவே நிற்கின்றன. பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள ஆனி என்ற எழுத்தரின் பாப்பிரஸ் சுருளை, அதாவது இறந்தவரோடு வைத்த ‘இறந்தோர் நூல்’ என்ற மந்திரத் தொகுப்பின் ஒரு பிரதியைப் பாருங்கள் (சுமார் கி.மு. 1250). இடத்தட்டில் இதயம், வலத்தட்டில் மாஅத்தின் இறகு. நரித்தலைத் தெய்வம் அனுபிஸ் மண்டியிட்டுத் தராசு முள்ளைச் சரிபார்க்கிறார். எழுத்துத் தெய்வம் தோத் எழுதுகோலோடு தீர்ப்பைப் பதிகிறார். அவருக்குப் பின்னால் முதலைத் தலையும் சிங்க முன்னுடலும் நீர்யானைப் பின்னுடலுமாக அம்மித். இதயம் மாஅத்தோடு, அதாவது உண்மையோடும் ஒழுங்கோடும், ஒத்துப்போக வேண்டும். கேட்பது அவ்வளவுதான்.

எதைப் படித்தாலும் எந்தக் காலம், எந்தச் சுருள் என்று பாருங்கள். மூவாயிரம் ஆண்டுகளை ஒரே கதையாகக் கலக்கிவிடுகிறார்கள். அம்மித்தின் உருவமே புதிய அரசுக் காலச் (சுமார் கி.மு. 1550–1070) சுருள்களில்தான் வருகிறது.

கே: அனுபிஸ் பேயா?

ப: இல்லை. பிணம் பதப்படுத்தலுக்கும் கல்லறைக்கும் காவல் தெய்வம்.

கே: நரகத்தில் அம்மித் ஆன்மாவை எத்தனை காலம் வதைப்பாள்?

ப: வதைப்பதில்லை. இதயத்தை விழுங்கிவிடுவாள், அத்தோடு அந்த மனிதர் இல்லாமலே போகிறார். எகிப்தியர் நடுங்கியது இந்த இரண்டாம் சாவுக்குத்தான். தீயும் கத்தியும் கொண்ட தண்டனைகளைத் தேடுகிறீர்கள் என்றால் அரசர் கல்லறைச் சுவர்களில் உள்ள பாதாள நூல்களுக்குப் போங்கள்.

கே: வாசல் காவலர்கள் எத்தனை பேர்? எப்படிக் கடப்பது?

ப: இறந்தோர் நூலின் 144-ஆம் மந்திரத்தில் ஏழு வாசல்கள். ஒவ்வொன்றுக்கும் வாயிற்காப்போன், காவலன், அறிவிப்போன் என மூவர். ஆக 21 பேர். கையில் கத்தி, தலை விலங்குத் தலை. சண்டை போட்டுக் கடக்க முடியாது, பெயர் சொல்லித்தான் கடக்க வேண்டும். முதல் வாயிற்காப்போன் ‘முகம் தலைகீழானவன், பல வடிவினன்’. 125-ஆம் மந்திரத்தில் கதவின் தாழ்ப்பாளும் வாசற்படியும்கூடத் தங்கள் பெயரைக் கேட்டு மறிக்கின்றன. மண்டபத் தரை, தன்னை மிதிக்கும் பாதங்களின் பெயரைக் கேட்கிறது! பெயர் தெரியாதவருக்கு வழியில்லை. சுருளைப் பிணத்தோடு வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அம்மந்திரத்தை ஓதுபவருக்கு விதியும் உண்டு: குளித்துத் தூய ஆடை, வெள்ளைச் செருப்பு, கண்ணுக்கு மை, உடலில் வெள்ளைப்போள எண்ணெய்.

கே: தீர்ப்பு மண்டபத்தின் 42 தெய்வ நீதிபதிகளிடம் ஒவ்வொரு பாவத்தையும் “செய்யவில்லை, செய்யவில்லை” என்று ஒப்பித்தால் விடுதலையா? இதயத்தையே வாயடைக்க வண்டுத் தாயத்து வேறு. இது காசு கொடுத்து வாங்கிய தீர்ப்பு அல்லவா?

ப: நல்ல கேள்வி. தாயத்து உண்மைதான். 30ஆ (30B) மந்திரம் பச்சைக்கல் வண்டைச் சொல்கிறது: பொன் சட்டம், வெள்ளி வளையம், இறந்தவரின் கழுத்தில். அதில் பொறித்த வேண்டுதல்: “என் தாயிடம் பெற்ற இதயமே, எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல எழாதே.” பெயருக்கு இடம் விட்டு முன்கூட்டியே எழுதி விற்ற சுருள்களும் கிடைத்திருக்கின்றன.

ஆனால் அந்த வேண்டுதலின் அச்சத்தைக் கவனியுங்கள். 42 பேரில் ‘எலும்பு முறிப்பவன்’, ‘குருதி உண்பவன்’ எல்லாம் இருக்கிறார்கள். இருந்தும் பயம் தன் நெஞ்சின் மேல்தான். செய்ததை அறிந்த சாட்சி அது. பிணத்தைப் பதப்படுத்தும்போது நுரையீரல், கல்லீரல், இரைப்பை, குடல் நான்கையும் எடுத்தார்கள். இதயத்தை உள்ளேயே விட்டார்கள்.

கே (அவரே மீண்டும்): பயந்தார்கள், சரி. பணக்காரன் தப்பினானா இல்லையா?

ப: எகிப்தியரே பதில் எழுதி வைத்திருக்கிறார்கள். மெரிகாரே என்ற அரசனுக்கான அறிவுரை நூல், நீண்ட ஆயுளை நம்பாதே, அந்த நீதிபதிகளுக்கு ஒரு வாழ்நாள் ஒரு மணி நேரம் என்கிறது. செய்த செயல்கள் அவனருகே குவியலாக வைக்கப்படும் என்கிறது. ரோமர் காலத்து செத்னே என்ற இளவரசனின் கதையில் ஆடம்பரமாக அடக்கம் செய்யப்பட்ட செல்வனின் வலக்கண்ணில் பாதாளக் கதவின் சுழல்முளை பொருத்தப்பட்டிருக்கிறது. பாயில் சுருட்டிப் புதைத்த ஏழையோ, அந்தச் செல்வனின் மெல்லிய துணியை உடுத்தி மறுமையின் அரசன் ஒசைரிஸ் அருகில் நிற்கிறான். மந்திரம் ஒழுக்கத்துக்கு மாற்று என்று எல்லோரும் நம்பியிருந்தால் இந்தக் கதைக்குக் கேட்பவர் ஏது?

கே: இதயம் கனமாக இருந்தால்…

ப: முதல் பதிலைப் படியுங்கள்.

கே: அபோபிஸ் பாம்பும் தீர்ப்பு மண்டபத்தில் வருமா?

ப: வராது. அது சூரிய தெய்வம் ராவின் படகைத் தாக்குவது, வேறு களம். அதை அடக்கும் சடங்கு கர்னாக் கோயிலுக்குரிய பாப்பிரஸில் இருக்கிறது: புதுப் பாப்பிரஸில் பச்சை மையால் பாம்பை வரைந்து, கட்டி, இடக்காலால் மிதித்து, துப்பி, தீயிலிடுவார்கள். தினமும்.

கே: உயிரோடு இருப்பவரைப் பூதங்கள் தொல்லை செய்யாதா?

ப: செய்யும். ஆண்டுக் கடைசியில் கூடுதலாக வரும் ஐந்து நாட்களில் சிங்கத் தலைத் தெய்வம் செக்மெத் அனுப்பும் கொலைத் தூதர்கள் நோய் கொண்டு வருவதாக அஞ்சினார்கள். மெல்லிய லினன் துணியில் தெய்வ உருவங்களை வரைந்து, பன்னிரண்டு முடிச்சுப் போட்டு, மந்திரம் ஓதிக் கழுத்தில் கட்டிக்கொள்வார்கள்.

கே: அனுபிஸ் பேய்தானே?

ப: இரண்டாம் கேள்வி.