பழைய ஐ5 டெஸ்க்டாப்பா, புது மினி பிசியா?

கம்பெனிகள் கழித்துவிடும் டெஸ்க்டாப்புகளைப் பிரித்து, தூசி தட்டி, கெட்டதை மாற்றி மறுபடி ஓட வைப்பதுதான் 14 வருடமாக என் வேலை. இப்போது மினி பிசி என்கிற சின்னஞ்சிறு பெட்டிகளும் நிறைய கைக்கு வருகின்றன. இரண்டில் எதை வாங்குவது என்று தனித்தனியாகக் கேட்டவர்களுக்கெல்லாம் இங்கே ஒன்றாகப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (மதுரை): சார், பையன் பி.காம் சேர்ந்திருக்கிறான். பக்கத்துக் கடையில் ஐ5 சிஸ்டம் 9,000 ரூபாய் என்கிறார்கள். ஆன்லைனில் என்100 மினி பிசி 16,000. 9,000 ரூபாயிலேயே முடித்துவிடலாமா?

பதில்: எந்த ஐ5 என்று கேட்டீர்களா சார்? ஐ5 என்பது இன்டெல் பிராசஸருக்கு 2009-லிருந்து வருகிற பெயர், அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 4590 என்றால் நான்காம் தலைமுறை, 6500 ஆறாம், 8500 எட்டாம், 10400 பத்தாம். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி போட வேண்டுமானால், ஓரிரு விதிவிலக்கு தவிர, எட்டாம் தலைமுறையாவது வேண்டும். 9,000-க்குத் தருகிறார்கள் என்றால் அது ஆறாம் தலைமுறையாகவோ அதைவிடப் பழையதாகவோ இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பையன் மூன்று வருடம் வைத்துப் படிக்க வேண்டிய பெட்டி, அதில் சமரசம் செய்யாதீர்கள்.

என்100 என்பது 2023-ல் வந்த நான்கு கோர் இன்டெல் சிப். எல்லாக் கோரையும் சேர்த்து வேலை வாங்கினால் 2015-ல் வந்த ஐ5-6500-க்கு ஏறக்குறைய சமம், ஆனால் தின்னும் கரண்ட் அதில் ஒரு சிறு பங்குதான். அதனால் ஆறாம் தலைமுறையா என்100-ஆ என்றால் யோசிக்காமல் என்100. அதே கடைக்காரர் 8500 போட்ட பெட்டியை 13,000, 14,000-க்குத் தந்தால் நான் அதைத்தான் எடுப்பேன். ஆறு கோர், நாளைக்கு ராம் கூட்டலாம், இன்னொரு டிஸ்க் போடலாம். டாலிக்கும் எக்ஸெலுக்கும் இரண்டுமே போதும், எட்டு ஜிபி ராமும் எஸ்எஸ்டி என்கிற வேகமான டிஸ்க்கும் இருந்தால் சரி.

கேள்வி (தாம்பரம்): அண்ணா, சனிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட் போகிறேன். ரீஃபர்பிஷ்டு பெட்டியில், அதாவது சரிசெய்து விற்கும் பழைய பெட்டியில், என்னவெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: முதலில் பெட்டியை ஆன் செய்து, விண்டோஸ் வருவதற்கு முன்பே திறக்கும் அடிப்படை செட்டிங்ஸான பயாஸுக்குள் போங்கள். பாஸ்வேர்டு கேட்டால் அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஒரு பள்ளிக்காகப் பத்து பெட்டி மொத்தமாக எடுத்தேன், அவசரத்தில் இரண்டை மட்டும் திறந்து பார்த்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் மூன்றில் பழைய கம்பெனி போட்ட பயாஸ் பாஸ்வேர்டு. விற்றவர் எடுத்துத் தருகிறேன் என்றே இரண்டு மாதம் ஓட்டினார், பிள்ளைகள் அதுவரை இருவருக்கு ஒரு சிஸ்டம் என்று உட்கார்ந்தார்கள். சில மாடல்களில் மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரியை (சிமாஸ் பேட்டரி) கழற்றினாலும் அந்தப் பாஸ்வேர்டு போகாது தம்பி, அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

அப்புறம் கேபினெட்டைத் திறக்கச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு கடை. மதர்போர்டில் கெபாசிட்டர் எதுவும் உப்பியிருக்கக் கூடாது. ராம் ஒரே ஸ்டிக்கா இரண்டா, காலி ஸ்லாட் இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்எஸ்டி பெரும்பாலும் கடைக்காரர் போட்டதாக இருக்கும், பெயர் தெரியாத பிராண்டு என்றால் கொஞ்சம் கூடக் கொடுத்து நல்லதாக மாற்றிக் கேளுங்கள். பென் டிரைவில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற சாஃப்ட்வேரை எடுத்துப் போனால் டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். டெல் பெட்டி என்றால் அதில் ஒட்டியிருக்கும் சர்வீஸ் டேக் எண்ணை டெல் தளத்தில் போட்டால் எப்போது ஃபேக்டரியை விட்டு வந்தது என்று காட்டும், கடைக்காரர் சொல்லும் வயதோடு ஒத்துப் பாருங்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தையும் திறங்கள். டிஜிட்டல் லைசென்ஸ் என்று இருந்தால் சரி. ஏதோ நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ் என்று இருந்தால் அது உங்களுக்கான லைசென்ஸ் இல்லை, விலையைக் குறைத்துக் கேட்க அது போதும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள், இந்தப் பெட்டிகள் பலவற்றில் வைஃபை கிடையாது. யுஎஸ்பி டாங்கிளுக்கும் சேர்த்துப் பட்ஜெட் போடுங்கள்.

கேள்வி (ஈரோடு): கரண்ட் பில்லை நினைத்தால் மினி பிசிதான் லாபம் என்று எல்லோரும் சொல்கிறார்களே?

பதில்: எத்தனை மணி நேரம் ஓடும் என்பதைப் பொறுத்தது அக்கா. சும்மா இருக்கும்போது என்100 பெட்டி 8 வாட், எட்டாம் தலைமுறை டெஸ்க்டாப் 20 முதல் 25 வாட் இழுக்கும். வித்தியாசம் 15 வாட் என்று வையுங்கள். தினமும் 4 மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு நான்கு யூனிட்கூட வராது, அதற்காகக் கூடுதலாக 3,000 ரூபாய் கொடுப்பதில் அர்த்தமில்லை. இரவு பகலாக ஓடினால் அதே 15 வாட் இரண்டு மாதத்துக்கு 22 யூனிட்டுக்கு அருகே போகும். உங்கள் பில் 500 யூனிட்டை ஒட்டி நிற்கிறது என்றால் அந்த 22 யூனிட் வலிக்கும், ஏனென்றால் 500-ஐத் தாண்டினால் கீழ் அடுக்கு யூனிட்டுகளுக்கும் விலை கூடுகிறது. கேமரா பதிவு, வீட்டு சர்வர் மாதிரி நிற்காமல் ஓடுகிற வேலைக்கு மினி பிசி. மற்றபடி கரண்டை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

கேள்வி (சேலம்): பின்னாடி கிராஃபிக்ஸ் கார்டு போட்டு கேம் விளையாடலாமா அண்ணா?

பதில்: என்100 மாதிரி மினி பிசியில் உள்ளே மாட்ட வழியே இல்லை தம்பி. டெஸ்க்டாப்பிலும் ஒல்லியான எஸ்எஃப்எஃப் பெட்டி என்றால் உயரம் குறைந்த லோ புரொஃபைல் கார்டு மட்டும்தான் நுழையும். உள்ளே இருப்பது 200 வாட் அளவிலான கம்பெனி எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), வெளியில் விற்கும் எஸ்எம்பிஎஸ் அதில் பொருந்தாது. கார்டுக்குத் தனி பவர் வயரும் கிடையாது. கேம் ஆசை உறுதியாக இருந்தால் உயரமான டவர் பெட்டியைத் தேடு.

கேள்வி (நாகர்கோவில்): பெயரே கேள்விப்படாத பிராண்டு மினி பிசி, விலை ரொம்பக் குறைவு. நம்பலாமா?

பதில்: சிப் இன்டெல்தான், அதில் ஏமாற்று குறைவு. சுற்றி இருப்பதில்தான் மிச்சம் பிடிப்பார்கள். எஸ்எஸ்டிக்குப் பதில் போர்டோடு ஒட்டிய, மெதுவான இஎம்எம்சி மெமரி இருந்தால் வாங்காதீர்கள், ஒரு வருடத்தில் தலைவலியாகும். ராம் எல்பிடிடிஆர் என்று எழுதியிருந்தால் போர்டோடு ஒட்டியது, பிறகு கூட்ட முடியாது, வந்த அளவிலேயே மாட்டிக்கொள்வீர்கள். 2024 தொடக்கத்தில் ஒரு பிராண்டின் சில பெட்டிகளில் ஸ்பைவேர் முன்கூட்டியே ஏற்றப்பட்டு வந்தது வெளியானது. அதனால் எந்தப் புது மினி பிசியாக இருந்தாலும் பிரித்தவுடன் டிஸ்க்கை முழுவதும் அழித்துவிட்டு, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிய விண்டோஸைப் போடுங்கள். பாங்க் வேலை எல்லாம் அதற்கு அப்புறம்தான். வாரண்டிக்கு யாரிடம் போவது என்று வாங்கும் முன்பே கேளுங்கள், சர்வீஸ் சென்டர் இல்லாத வாரண்டி வெறும் காகிதம்.

கேள்வி (கோவை): மேஜையில் இடம் இல்லை, ஆனால் என்100 போதாது. வழி உண்டா?

பதில்: உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்த வழி இதுதான், கடைகளில் கேட்டால் ஒழிய எடுத்துக் காட்ட மாட்டார்கள். கம்பெனிகளில் மானிட்டருக்குப் பின்னால் மாட்டியிருந்த ஒரு லிட்டர் அளவுப் பெட்டிகளும் ரீஃபர்பிஷ்டாக வருகின்றன. லெனோவோ திங்க்சென்டர் எம்720க்யூ, டெல் ஆப்டிப்ளெக்ஸ் 3060 மைக்ரோ, எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி4 மினி, மூன்றும் எட்டாம் தலைமுறை. உள்ளே பெரும்பாலும் 8500டி இருக்கும், 35 வாட் சிப், ஆறு கோர், 8500-ஐவிடக் கொஞ்சம் மெதுவு, என்100-ஐவிட நல்ல வேகம். மினி பிசியின் அளவும் கம்பெனிப் பெட்டியின் உறுதியும் ஒன்றாகக் கிடைக்கிறது. அடாப்டரை மட்டும் கவனியுங்கள், டெல் பெட்டிக்கு டெல் அடாப்டரே வேண்டும், அடையாளம் தெரியாததை மாட்டினால் பிராசஸர் வேகத்தைக் குறைத்துவிடும், நீங்கள் பெட்டி கெட்டுவிட்டது என்று நினைப்பீர்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): எங்கள் வீட்டில் நான்காம் தலைமுறை ஐ3 ஏற்கெனவே இருக்கிறது. அம்மா தமிழில் கட்டுரை டைப் செய்வார், யூடியூப் பார்ப்பார், அவ்வளவுதான். மாற்றியே ஆக வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஒரு 256 ஜிபி எஸ்எஸ்டி போட்டு, சிமாஸ் பேட்டரியை மாற்றி, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றிக் கொடுங்கள். தமிழ்99 விசைப்பலகை அதில் இருக்கிறது. முதல் வாரம் பக்கத்தில் உட்கார்ந்து ஃபைலை எங்கே சேமிப்பது, பிரின்ட் எப்படி எடுப்பது என்று காட்டிக் கொடுத்துவிடுங்கள், மற்றதை அம்மா பார்த்துக்கொள்வார்.