கராஜ் கூரையில பானையத் தொங்கவிடலாமா?

கேள்வி: அண்ணே, எங்க வீடு தென்னாப்பிரிக்கா டர்பன்ல, சாட்ஸ்வொர்த்ல. கராஜ்னு பேருதான், ஆடி மாசம் கூழ் ஊத்துற பெரிய பானைங்க, காவடிக் கட்டை, விசேஷத்துக்கு வாங்கின பிளாஸ்டிக் நாற்காலி, பழைய பெட்டிங்க எல்லாம் தரையிலதான் கிடக்கு. 2022 ஏப்ரல் வெள்ளத்துல முழங்கால் அளவு தண்ணி வந்துச்சு, பாதி சாமான் போயிடுச்சு. இப்ப வீட்டுக்காரர் கூரை மரத்துல சங்கிலி போட்டு பலகையத் தொங்கவிட்டு எல்லாத்தயும் மேல ஏத்திடலாம்ங்கறாரு. தாங்குமா?
- ஒரு வாசகி

பதில்: வேணாம் தங்கச்சி, சங்கிலிய கையில எடுக்க வேணாம்னு சொல்லுங்க. நானே ஒரு காலத்துல இந்த வேலைய பண்ணினவன்தான், ரெண்டு வருஷம் ஒண்ணும் ஆகல, மூணாவது மழைக்காலத்துல சீலிங் தொப்பை போட்டுடுச்சு, மேல ஓடு நகந்து ஒழுக ஆரம்பிச்சிடுச்சு. கூரை டிரஸ், அதாவது ஓட்டத் தாங்குற முக்கோண மரச்சட்டம், அதோட அடிக்கட்டை 38 மில்லிமீட்டர் தடிமன்தான், அது ஏற்கெனவே சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 50 கிலோ சிமெண்ட் ஓட்டத் தாங்குற அமைப்புல ஒரு பகுதி, நாம தொங்கவிடுற சுமை அந்தக் கணக்குலயே கிடையாது.

சரி, சுவத்துல பிராக்கெட் அடிச்சிடலாமான்னா அதுக்கும் முதல்ல சுவத்த தட்டிப் பாருங்க. நம்ம பக்கம் நிறைய கராஜ் உள்ள ஓட்டையான சிமெண்ட் பிளாக்ல கட்டினது, டிரில் பண்ணும்போது பிட்டு சடக்குன்னு உள்ள போயிடுச்சுன்னா அங்க ராவல் போல்ட் (ஓட்டைக்குள்ள விரிஞ்சு இறுகுற போல்ட்) பிடிக்காது, இறுக்க இறுக்க சும்மா சுத்தும். அதனால கால் வச்ச ஷெல்ஃப்தான். பின்சுவத்த ஒட்டி 38-க்கு 76 மில்லி பைன் கட்டையில மீட்டருக்கு ஒரு ஜோடி கால், மேல 21 மில்லி ப்ளைவுட், அகலம் 600 மில்லி போதும். பாரம் முழுக்க தரைக்குப் போயிடும், சுவத்துல அடிக்கிற ஸ்க்ரூ முன்னாடி சாயாம பிடிச்சிக்கிறதுக்கு மட்டும்தான். கடையில மரம் வாங்கும்போது எச்2 முத்திரை (பூச்சி அரிக்காம மருந்து ஏத்தின மரம்னு அர்த்தம்) இருக்கான்னு பாருங்க, டர்பன் கடலோரத்துல கரையான் சும்மா விடாது. காலுக்கு அடியில கறுப்பு பிளாஸ்டிக் ஒரு துண்டு மடிச்சு வைங்க, சிமெண்ட் தரை ஈரத்த மரம் உறிஞ்சிக்கும்.

இன்னொண்ணு, வெள்ளம் வந்தது முழங்காலுக்குத்தானே? அப்ப பானைய எதுக்கு தலைக்கு மேல ஏத்தணும்? கூழ் பானை காலியா இருந்தாலே ரெண்டு ஆள் தூக்கணும், ஏணி மேல நின்னு அத இறக்குறது யாரு? இடுப்பு உயரத்துல ஒரு தட்டு போட்டு பானைங்க அங்க இருக்கட்டும், காரோட மூக்கு இடிக்காதான்னு மட்டும் அளந்துக்கோங்க. நாற்காலி, காவடிக் கட்டை, துணிப் பெட்டி மாதிரி லேசானது மேல்தட்டுக்கு.

ஆமா, உங்க கதவு மேல தூக்குற ஒத்தைக் கதவா? அப்படின்னா வேலை ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி ஒருத்தர் மெதுவா திறக்கட்டும், நீங்க உள்ள நின்னு அது எவ்வளவு தூரம் உள்ள வருது, எவ்வளவு கீழ இறங்குதுன்னு பக்கச் சுவத்துல சாக்பீஸால கோடு போட்டுக்கோங்க, ஷெல்ஃப் அந்தக் கோட்டுலேர்ந்து ஒரு கை தள்ளியே இருக்கணும். கதவுக்குப் பக்கத்துல இருக்கிற ஸ்பிரிங்க மட்டும் கழட்டிப் பாக்காதீங்க, இழுவையோட இருக்கும், கைய உடைச்சிடும்.

கேள்வி: மேல் ஷெல்ஃப்ல பெயிண்ட், மண்ணெண்ணெய் வைக்கலாமா?
- பீனிக்ஸ் வாசகர்

பதில்: வேணாம் தம்பி. நம்ம ஊர்ல கோடையான ஜனவரி வெயில்ல ஓட்டுக்கு அடியில கைய நீட்டிப் பாருங்க, நீங்களே இறக்கி வச்சிடுவீங்க. பெயிண்ட கீழ்தட்டுல வைங்க, மண்ணெண்ணெய கராஜுக்கு வெளியில பூட்டு போட்ட இடத்துல.