18 நாள் ஆகியும் வயிறு கட்டியாக இருக்கிறதே, டாக்டர்?

கேள்வி: எனக்கு 41 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அடிவயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷன் செய்து 18 நாள் ஆகிறது. காலையில் வயிறு தணிந்திருக்கிறது. பொழுது சாய்ந்தால் ஆபரேஷனுக்கு முன்பு இருந்ததைவிடப் பெரிதாகத் தெரிகிறது. தொட்டால் கட்டி கட்டியாக இருக்கிறது, தொப்புளுக்குக் கீழே மரத்துப் போயிருக்கிறது. இந்த வெயிலில் வயிற்றை இறுக்கிப் பிடிக்கும் பெல்ட் போட முடியவில்லை. மாமியார் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுக்கிறார், கொள்ளு மட்டும் சாப்பிடச் சொல்கிறார். சென்னிமலை முருகன் கோயிலுக்கு எப்போது படியேறலாம்?
— வாசகி, ஊத்துக்குளி

பதில்: முதலில் அந்த ஒத்தடத்தை நிறுத்துங்கள், அம்மா. கொழுப்பை உறிஞ்சும் குழாய் உள்ளே போய்வரும்போது தோலுக்கு வரும் மெல்லிய நரம்புகள் அடிபடுகின்றன. அதனால்தான் மரத்திருக்கிறது. மரத்த தோலுக்குச் சூடு தெரியாது. மாமியாரின் கைக்கு இதமாக இருப்பது உங்கள் வயிற்றைக் கொப்புளமாக்கிவிடும், அதுவும் கண்ணால் பார்க்கும்போதுதான் தெரியும். ஐஸ் கட்டியை நேராக வைப்பதும் அதே ஆபத்துதான். உணர்ச்சி சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில் திரும்பும். நடுவில் எறும்பு ஊர்வது போலவோ அரிப்பாகவோ இருந்தால் பயப்படாதீர்கள், நரம்பு தேறி வருகிறது.

இப்போது நீங்கள் பார்ப்பது கொழுப்பு அல்ல, வீக்கம். வெளியே தெரிவது சின்னத் துளைகள்தான் என்றாலும் உள்ளே அடிவயிறு முழுக்கப் புண். அதில் நீர் கோக்கும். நாள் முழுக்க நின்று வேலை செய்தால் அது கீழே இறங்கும், இரவு படுத்தால் வடியும். கட்டிகள் உள்ளே புண் ஆறும்போது உருவாகும் தழும்புத் திசு. பெரும்பாலும் சில மாதங்களில் இளகிவிடும். வீக்கத்தில் பெரும்பகுதி ஆறு வாரத்தில் குறையும், சரியான வடிவம் தெரிய 3 முதல் 6 மாதம் ஆகும். அதுவரை தினமும் டேப் வைத்து அளந்து மனம் நோகாதீர்கள். ஆனால் ஓரிடம் மட்டும் உப்பி, தட்டினால் தண்ணீர்ப் பை போலத் தளும்பினால் உள்ளே நீர் தேங்கியிருக்கலாம். ஆபரேஷன் செய்த டாக்டர் ஊசியால் எடுத்துவிடுவார். வீட்டில் அமுக்கிப் பார்க்க வேண்டாம்.

பெல்ட் விஷயம். தோல் உள்ளே படிந்து ஒட்டத்தான் அது. பொதுவாக 4 முதல் 6 வாரம் போடச் சொல்வோம், எத்தனை மணி நேரம் என்பதை உங்கள் டாக்டர் சொன்னபடி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பெல்ட் வாங்கி, ஒன்றைத் துவைத்துக் காயப்போட்டு மற்றதைப் போடுங்கள். அடியில் மெல்லிய காட்டன் பனியன் போட்டால் வேர்வையை இழுக்கும். எந்தத் தையல் உறுத்தும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பனியனைத் திருப்பிப் போட்டால் தையல் வெளிப்பக்கம் போய்விடும். சுருக்கம் மட்டும் விழக்கூடாது, மடிப்பு விழுந்த இடத்தில் தோல் பள்ளமாகிவிடும். இறுக்கினால் சீக்கிரம் வடியும் என்று நினைப்பதும் தவறு. மூச்சு முட்டினாலோ தொடை மரத்தாலோ அளவு சரியில்லை.

கொள்ளு நல்லதுதான், ஆனால் புண் ஆற அது மட்டும் போதாது. அரிசியும்பருப்பு, முட்டை, தயிர் எல்லாம் சாப்பிடுங்கள். ஊறுகாயையும் அப்பளத்தையும் குறைத்தால் வீக்கத்துக்கு நல்லது.

கம்பெனியில் ஒரே இடத்தில் நிற்காமல், மணிக்கொரு முறை கொஞ்சம் நடந்துவிட்டு உட்காருங்கள். அசையாமல் இருந்தால் காலில் ரத்தம் கட்ட வாய்ப்பு உண்டு. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். காய்ச்சல், பரவும் சிவப்பு, துளையில் நாற்றமடிக்கும் நீர், நாளுக்கு நாள் கூடும் வலி, இவற்றில் எது வந்தாலும் அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள்.

சென்னிமலையில் 1320 படி. ஆறு வாரம் முடிந்து, டாக்டர் பார்த்துச் சரி என்ற பிறகு ஏறுங்கள். அதற்குள் கிருத்திகை வந்தால் மலைப்பாதையில் வண்டியில் போய்க் கும்பிட்டு வாருங்கள்.