தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு டெலிபிரசன்ஸ் ரோபோ ஒத்துவருமா?

தக்கலை பக்கம் ஓட்டு வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார், 76 வயது. நான் குவைத்தில். ஒன்றரை வருடமாக எங்கள் வீட்டில் ஒன்று ஓடுகிறது. கீழே சக்கரம், நடுவில் ஒரு கம்பு, உச்சியில் டேப்லெட். இங்கிருந்து நான் ஓட்ட, அங்கே என் முகம் வீட்டுக்குள் நடமாடும்.

போனில் வீடியோ கால் போட்டால் எனக்குத் தெரிந்தது பாதி நேரம் அம்மாவின் நெற்றியும் ஃபேனும்தான். இதில் அவர் எதையும் பிடிக்க வேண்டாம். மரச்சீனி தோலுரித்துக்கொண்டே பேசுகிறார். இடது காது மந்தம் என்பதால் நான் வலது பக்கமாகப் போய் நிற்பேன். கொடுத்த காசு இதற்கே சரியாகப் போயிற்று.

முதல் வாரம் அம்மா அண்ணாந்து பார்த்தே பேசினார். பிறகு, "எவ்வளவு நேரமாட்டு நிக்க? இரி மக்களே" என்றார். கம்பை நாலடிக்கு இறக்கினேன். நாற்காலியில் இருப்பவரின் கண்ணுக்கு நேராக முகம் வந்ததும் பேச்சு நீண்டுவிட்டது.

தொந்தரவும் உண்டு. அடுக்களைப் படியைச் சக்கரம் தாண்டாது. ஆசாரியிடம் சொல்லிச் சரிவாக ஒரு பலகை போட்டோம். மழைக்காலத்தில் கரன்ட் போனால் வைஃபையும் போய், பாதி திறந்த வாயோடு என் முகம் உறைந்து நிற்கும்.

ஆனால் நான் செய்த பெரிய தப்பு, அம்மா எடுக்காமலே கால் இணையும்படி வைத்தது. ஒருநாள் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தவர் முன்னால் போய் நின்றுவிட்டேன். "கள்ளன மாதிரி வந்து நிக்காத!" இரண்டு நாள் பேச்சே இல்லை. 2010 முதல் 2013 வரை ஸ்வீடன், இத்தாலி, ஸ்பெயின் நாடுகளில் எக்சைட் என்ற திட்டத்தில் முதியோர் வீடுகளில் இதே மாதிரியான ஜிராஃப் என்ற ரோபோவை வைத்துப் பார்த்தார்கள். அந்தரங்கம் அங்கேயும் முக்கியமான பேச்சாக இருந்தது. நான் அதைப் படித்தது திட்டு வாங்கிய பிறகுதான்.

இப்போது மணி அடிக்கும். அவர் விரும்பினால் தொடுவார். மற்ற நேரம் ரோபோ சுவரைப் பார்த்து, மேலே ஒரு தோர்த்து (துண்டு) போர்த்தி நிற்கும். வாங்குவதென்றால் இந்த அதிகாரத்தை முதலில் வயதானவர்கள் கையில் கொடுங்கள்.

பக்கத்து வீட்டு மாமி வந்தால் மட்டும் எனக்குக் கதவு திறக்காது. தோர்த்தின் ஒரு மூலை விலகும், அம்மாவின் ஒரு கண் தெரியும். "எனக்கு ஆளு வந்திருக்கு, பெறவு வா."